மைல்கல் 0 முதல் 469 வரை: ப்ளூ ரிட்ஜ் பார்க்வே பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியன் மலைகளின் முதுகில் போகும் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற சாலையைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. நார்த் கரோலினாவில் பாலம் வடிவமைக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். இந்தச் சாலையைத் துண்டு துண்டாக முழுக்க ஓட்டியிருக்கிறேன், சில துண்டுகளைப் பத்துப் பதினைந்து முறை. அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நண்பர் குடும்பத்தோடு பார்க்வே முழுவதையும் ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு? ஒரே நாளில் முடியுமா? ஸ்கைலைன் டிரைவ் என்பதும் இதுவும் ஒன்றுதானா? (ரிச்மண்ட் வாசகர்)

இரண்டும் வேறு வேறு சாலைகள். ஒன்றின் வால் முடிகிற இடத்தில் மற்றதன் தலை ஆரம்பிப்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். ஸ்கைலைன் டிரைவ் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குள் 105 மைல் ஓடி, வர்ஜீனியாவில் வேன்ஸ்பரோ பக்கம் ராக்ஃபிஷ் கேப் என்ற கணவாயில் முடிகிறது. அதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அதே கணவாயில் பார்க்வேயின் மைல்கல் 0 தொடங்குகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து தெற்கே இறங்கி, ரோனோக் நகரை ஒட்டிப் போய், மைல் 217 வாக்கில் மாநில எல்லையைத் தாண்டி, நார்த் கரோலினாவில் ப்ளோயிங் ராக், ஆஷ்வில் வழியாகச் செரோக்கி ஊரருகே 469ஆம் மைலில் முடியும். அதற்கு அப்பால் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்கா. இந்த இரண்டு பூங்காக்களையும் மலையுச்சி வழியாகவே இணைக்க வேண்டும் என்பதுதான் 1930களில் போட்ட திட்டம்.

ஒரே நாளில் முடியுமா என்றால், நிற்காமல் ஓட்டினால் பதிமூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வேக வரம்பே மணிக்கு 45 மைல்தான், சில இடங்களில் அதற்கும் கீழே. லாரிக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, டிராஃபிக் விளக்கு என்ற பேச்சே இல்லை. வடிவமைத்தவர் ஸ்டான்லி ஆபட் என்ற நிலக்காட்சி வடிவமைப்பாளர். பொறுப்பேற்றபோது இருபதுகளில் இருந்த இளைஞர் அவர். ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்து என்ன கண்ணில் படவேண்டும் என்று யோசித்து வளைத்த சாலை இது. மூன்று நாள் ஒதுக்க முடிந்தால் முழுக்கப் போங்கள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நாற்பது, ஐம்பது மைல் மட்டும் எடுத்துக்கொண்டு, கார் நிறுத்தி இறங்கி இறங்கிப் பாருங்கள். முழுசையும் முடித்தேன் என்று சொல்வதற்காக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு ஞாபகத்தில் நிற்பது வளைவுகள் மட்டும்தான். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: ஜிபிஎஸ் என்னைப் பாதியிலேயே வேறு நெடுஞ்சாலைக்கு இறக்கிவிட்டது. என்ன செய்வது? (கேரி வாசகர்)

அது வேகமான வழியைத் தேடும், பார்க்வே வேகமான வழி இல்லை. இங்கே விலாசம் என்பதே மைல்கல்தான். சாலையோரத்தில் குட்டையாக நிற்கும் கான்கிரீட் கற்களில் எண் பொறித்திருக்கும். 'மேப்ரி மில் எங்கே?' என்று கேட்டால் '176' என்று பதில் வரும். கிளம்பும் முன் ஒரு தாளில் இடத்தின் பெயரையும் எண்ணையும் எழுதி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். பல மைல்களுக்குச் செல்போன் சிக்னலும் இருக்காது.

அப்புறம் பெட்ரோல். பார்க்வேயில் ஒரு பெட்ரோல் நிலையம்கூட இல்லை, பக்கத்து ஊருக்கு இறங்கித்தான் போட வேண்டும். ஒரு டிசம்பர் மாலை, மூடுபனிக்குள், முள் சிவப்புக் கோட்டுக்கு வந்தபிறகு ஒன்பது மைல் போயிருக்கிறேன், பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அரை டாங்குக்குக் கீழே போனால் மலை ஏறுவதில்லை. குளிர்காலத்தில் பனி விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள், உப்புப் போட்டுத் திறந்துவைக்கும் வழக்கம் இங்கே கிடையாது. குகைப்பாதைகள் மொத்தம் 26, அதில் 25 நார்த் கரோலினாவில். ஒவ்வொன்றிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு நுழையுங்கள்.

கேள்வி: அம்மா முதல் முறையாக வந்திருக்கிறார். முழங்கால் வலி, அரை மைல்கூட நடக்க முடியாது. மலை என்றாலே நடக்கிறவர்களுக்குத்தானா? காரில் இருந்தபடியோ, பத்தடி நடந்தோ பார்க்க என்ன இருக்கிறது? (கிரீன்ஸ்பரோ வாசகி)

நிறைய இருக்கிறது, சகோதரி. அம்மாவை அவசியம் கூட்டிப் போங்கள். ஓவர்லுக் என்று சொல்லும் காட்சித் திட்டுகள் வழி நெடுக இருக்கின்றன. காரை நிறுத்திக் கதவைத் திறந்தால் எதிரே மலை வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னும் வெளிறியது ஒன்று. மரங்கள் வெளிவிடும் ஐசோபிரீன் என்ற ஆவிதான் அந்த நீல மங்கலுக்குக் காரணம். பெயரில் உள்ள 'ப்ளூ' அதுதான்.

கிரீன்ஸ்பரோவிலிருந்து உங்களுக்கு வசதி ஃபேன்ஸி கேப் பக்கம் ஏறுவது. ஐ-77 நெடுஞ்சாலை அருகில் மைல் 199. அங்கிருந்து வடக்கே திரும்புங்கள். பத்து மைல் போனதும், 190ஐ நெருங்கும்போது ஒரு சின்ன மரவீடு வரும். பக்கெட் கேபின். பலர் பிரேக்கில் கால்கூட வைக்காமல் தாண்டிப் போகிற இடம். நீங்கள் நிறுத்துங்கள்.

ஒரலீனா ஹாக்ஸ் பக்கெட் என்ற மருத்துவச்சியின் நினைவாகக் காக்கும் வீடு அது. அந்த அம்மாளுக்கு இருபத்து நான்கு குழந்தைகள் பிறந்தன. ஒன்றுகூடக் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை. ஐம்பது வயதை ஒட்டி, ஊரில் ஒரு பிரசவத்துக்கு உதவப் போனவர், அதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். 1939இல் கண் மூடும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவர் கையில் பிறந்தன. பனியோ மழையோ, கூப்பிட்ட வீட்டுக்குக் குதிரையிலோ நடந்தோ போய்விடுவார். நான் முதல் தடவை அங்கே நின்றபோது என் மனைவி அந்தத் தகவல் பலகையை இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். உங்கள் அம்மாவுக்கு அந்தப் பலகையைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். அவர் வயதுப் பெண்களுக்கு அது நம்மைவிட நன்றாகப் புரியும்.

வேலிக் கட்டை என்றேனே, அதையும் கொஞ்சம் பாருங்கள். பிளந்த மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஆணியே இல்லாமல் அடுக்கிய வேலி. இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் செஸ்நட் மரங்கள் நின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோய் அத்தனையையும் அழித்துவிட்டது. உளுத்துப்போகாத அந்த மரம் இப்போது பழைய வேலிகளில்தான் மிச்சம் இருக்கிறது.

இன்னும் பதினாலு மைல் வடக்கே மேப்ரி மில், 176. எட் மேப்ரியும் மனைவி லிஸியும் நடத்திய தண்ணீர் ஆலை. ஓடையில் வரத்து குறைவு. அதனால் அக்கம்பக்கத்து ஊற்றுகளிலிருந்து மரத்தொட்டி வாய்க்கால்களில் தண்ணீரை இழுத்து வந்து சக்கரத்தின் தலையில் கொட்டினார்கள். அந்த வாய்க்கால்கள் மரக்கால்களின் மேல் நிற்கின்றன. பலகை இணைப்புகளில் தண்ணீர் கசிந்து கீழே பாசி படர்ந்திருக்கும். குளத்தின் இந்தக் கரையிலிருந்தே எல்லாம் தெரியும், அம்மா நடக்கவே வேண்டாம். சீசன் சமயத்தில் பக்கத்து உணவகத்தில் சூடான பான்கேக் கிடைக்கும், கூட்டமும் இருக்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால் ப்ளோயிங் ராக் பக்கம் மைல் 294. மோசஸ் கோன் என்ற டெனிம் துணி முதலாளியின் வெள்ளை மாளிகை. உங்கள் கிரீன்ஸ்பரோவில் ஆலை நடத்தியவர்தான் அவர். முகப்பு வராண்டாவில் ஆடும் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். அம்மாவை ஒன்றில் உட்கார வைத்துவிடுங்கள், எதிரே பள்ளத்தாக்கும் ஏரியும் தெரியும்.

கேள்வி: காலண்டர் படங்களில் மலையைச் சுற்றி 'எஸ்' வடிவில் ஒரு பாலம் வருகிறதே, அது எங்கே? பாலத்தில் அப்படி என்ன விசேஷம்? (ஷார்லட்டிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்)

தம்பி, இந்தக் கேள்வியை எப்போது யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

அது லின் கோவ் வயடக்ட், மைல்கல் 304. கிராண்ட்ஃபாதர் மலையின் இடுப்பில் இருக்கிறது. பார்க்வே வேலை 1935 செப்டம்பரில் ஆரம்பித்தது. பொருளாதார வீழ்ச்சிக் காலம், மலை மக்களுக்கு வேலை கொடுப்பதும் ஒரு நோக்கம். 1960களின் முடிவுக்குள் இந்த மலையைச் சுற்றிய 7.7 மைல் தவிர மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. இந்த ஏழு சொச்சம் மைல்தான் சிக்கல். மலைக்குச் சொந்தக்காரர் ஹ்யூ மார்ட்டன். சாலையை உயரத்தில் கொண்டுபோய் மலையை வெட்டிக் குடையக்கூடாது என்று வருடக் கணக்கில் எதிர்த்து நின்றார். கடைசியில் கொஞ்சம் கீழே ஒரு வழி ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த வழியிலும் ஒரு சரிவு, வீடு பருமனில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சரிவு. அங்கே வெட்டினால் எல்லாம் சரிந்துவிடும். ஆகவே தரையைத் தொடாமல் பாலமாகப் போவது என்று முடிவானது.

சரி, தரையைத் தொடாமல் பாலத்தை எப்படிக் கட்டுவது? சாதாரணமாக முதலில் அடியில் ஒரு வேலைச் சாலை போடுவோம், அதில் கிரேனும் லாரியும் வரும். அந்தச் சாலை போட்டாலே பாறைகளும் மரங்களும் போய்விடும். ஃபிக் அண்ட் முல்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதைத் தலைகீழாக யோசித்தார்கள். பாலத்தைப் பாலத்தின் மேலிருந்தே கட்டுவது! தலா 50 டன் எடையில் 153 கான்கிரீட் துண்டுகளை வேறிடத்தில் வார்த்து, கட்டி முடிந்த பகுதியின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து, நுனியிலிருந்து கிரேன் நீட்டி, அடுத்த துண்டை முந்தியதன் முகத்தோடு எபாக்சி பூசி ஒட்டி, எஃகுக் கம்பிகளால் இறுக்கினார்கள். ஏழு தூண்களைக்கூட முனையிலிருந்து கீழே இறக்கித்தான் அடுக்கினார்கள். அஸ்திவாரத் துளைகளைத் தவிர நிலத்தில் வேறு வேலையே இல்லை.

வளைவைப் பார்த்திருப்பாய். ஒரு பக்கம் வளைந்து, உடனே மறுபக்கம் வளைந்து, கூடவே ஏற்ற இறக்கமும் உண்டு. 153 துண்டுகளில் ஒன்றே ஒன்றுதான் நேரானது. ஒரு துண்டின் முகம் அடுத்ததோடு பொருந்த வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டின் முகத்தையே அச்சாக வைத்து வார்த்தார்கள். அதில் சிறு கோணப் பிழை வந்தாலும் 1,243 அடி நீளத்தில் அது எங்கேயோ போய் நிற்கும். கணக்குப் போடும் கம்ப்யூட்டர்கள் எப்படி இருந்த காலம் என்று யோசித்துப் பார்.

நீ பாலத்தில் ஓட்டிக்கொண்டு போனால் இதில் எதுவும் தெரியாது, அரை நிமிடத்துக்குள் தாண்டிவிடுவாய். தெற்கு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு டனாவா டிரெயிலில் அடியில் இறங்கு. ஒரு தூணின் பக்கத்தில் நிற்கலாம். கான்கிரீட்டில் இரும்பு ஆக்சைடு கலந்து பக்கத்துப் பாறையின் நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் ஒரு கையைத் தூணிலும் மறு கையை ஒரு பாறையிலும் வைத்துப் பார்த்தேன், மழை நனைத்த இடத்தில் இரண்டுக்கும் ஒரே சாம்பல் பழுப்பு. நிமிர்ந்தால் துண்டுகளின் இணைப்புக் கோடுகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு கோடும் முந்தியதிலிருந்து ஒரு நூல் திரும்பியிருக்கும். பாறை இடுக்கில் முளைத்த மரம் பாலத்தின் விளிம்புவரை வளர்ந்து நிற்கிறது, அதை வெட்டாமலேதான் இவ்வளவும் நடந்தது. என் தொழிலில் நான் பெருமைப்படும் விஷயங்களில் இதுதான் முதலாவது. இத்தனைக்கும் நான் அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

பாலம் 1983இல் தயார். மீதிச் சாலை இணைந்து 1987 செப்டம்பர் 11 அன்று திறப்பு விழா. முதல் மண்வெட்டி விழுந்த அதே தேதி, 52 வருடம் கழித்து.

கேள்வி: எட்டாம் வகுப்பு மகனுக்குப் பள்ளியில் திட்டப்பணி. பார்க்வேயின் உயரமான இடம் எது? ஒரு தளத்தில் மவுண்ட் மிட்செல் என்கிறார்கள், இன்னொன்றில் வேறு பெயர். (ஆஷ்வில் வாசகி)

இரண்டுக்கும் காரணம் உண்டு. கார் ஓடும் பார்க்வே சாலையில் உயரமான இடம் ரிச்லண்ட் பால்சம், மைல் 431, 6,053 அடி. பெயர்ப்பலகை இருக்கிறது, மகனை அதன் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுங்கள். மவுண்ட் மிட்செல் 6,684 அடி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதைவிட உயரமான சிகரம் இல்லை. ஆனால் பார்க்வேயில் இல்லை, மைல் 355இல் பிரிந்து மேலே போக வேண்டும்.

திட்டப்பணிக்கு உயிர் கொடுக்க ஒரு கதையும் சொல்லச் சொல்லுங்கள். எலிஷா மிட்செல் நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பேராசிரியர். காற்றழுத்தமானியைத் தூக்கிக்கொண்டு ஏறி, இதுதான் உயரமானது என்று அளந்து சொன்னார். அவருடைய பழைய மாணவர், அரசியல்வாதி தாமஸ் கிளிங்மன், வேறொரு சிகரம்தான் என்று வாதிட்டார். பத்திரிகைகளில் சண்டை. மறுபடி அளந்து நிரூபிக்க 1857இல் தனியாகப் போன மிட்செல் ஓர் அருவியில் தவறி விழுந்து இறந்தார். காட்டை நன்கு அறிந்த பிக் டாம் வில்சன் என்ற வேட்டைக்காரர் தடம் பார்த்துப் போய் உடலைக் கண்டுபிடித்தார். உச்சியில் இருக்கும் கல்லறை மிட்செலுடையதுதான். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு அவர் சொன்ன உயரம் 6,672 அடி. இன்றைய அளவோடு 12 அடிதான் வித்தியாசம்.

கிளிங்மன் பெயரில் ஸ்மோக்கி மலையில் ஒரு சிகரம் இருந்தது. 2024இல் அதற்குக் குவோஹி என்ற செரோக்கிப் பழங்குடிப் பெயரையே திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: அக்டோபரில் எந்த வாரம் வந்தால் இலைநிறம் பார்க்கலாம்? (அட்லாண்டா வாசகர்)

ஒரே வாரம் என்று இல்லை, நிறம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். ஐயாயிரம் அடிக்கு மேலே, கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ் (மைல் 418) போன்ற இடங்களில் செப்டம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். கிராண்ட்ஃபாதர் மலை, ப்ளோயிங் ராக் பக்கம் அக்டோபர் நடு. ஆஷ்வில் நகரை ஒட்டிய தாழ்வான பகுதி மாதக் கடைசி. ஆகவே தேதி தவறிவிட்டது என்று கவலைப்பட வேண்டாம், உயரத்தை மாற்றிக்கொண்டால் போதும். வார நாளில் வர முடிந்தால் வாருங்கள், சனி ஞாயிறு மதியத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஜூன் நடுவில் கிராகி கார்டன்ஸில் (364) ரோடோடெண்ட்ரான் பூக்கும், மலையே ஊதா நிறமாகிவிடும். எனக்கு அக்டோபரைவிட அதுதான் பிடிக்கும்.

கேள்வி: ஹெலீன் புயலுக்குப் பிறகு பாதை திறந்திருக்கிறதா? (கொலம்பியா வாசகர்)

2024 செப்டம்பர் 27 அன்று அடித்த அந்தப் புயலில் நார்த் கரோலினாப் பகுதியில் மட்டும் டஜன் கணக்கில் நிலச்சரிவுகள். சில இடங்களில் சாலையே அடியோடு போய்விட்டது. லின்வில் அருவிப் பக்கமும் லிட்டில் சுவிட்சர்லாந்துப் பக்கமும் அடி பலம். பகுதி பகுதியாகச் சரிசெய்து திறந்து வருகிறார்கள். தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்தில் எந்த மைல்கல்லிலிருந்து எந்த மைல்கல்வரை மூடல் என்று பட்டியல் போடுகிறார்கள், கிளம்பும் நாள் காலையில் அதைப் பாருங்கள். தடுப்பு வைத்திருந்தால் சுற்றிப் போய் நுழையாதீர்கள். மேலே நன்றாகத் தெரியும் தாருக்குக் கீழே மண் இல்லாமல் இருக்கலாம்.

பாதை முழுசாக இல்லையே என்று பயணத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அந்த மலை ஊர்களின் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் நீங்கள் வருவதுதான் பிழைப்பு.

கேள்வி: கடைசி மைல்கல்லில் என்ன இருக்கிறது? அங்கே முடித்துவிட்டுத் திரும்பிவிடலாமா? (நாக்ஸ்வில் வாசகர்)

திரும்பிவிடாதீர்கள். கடைசிப் பகுதி செரோக்கி மக்களின் நிலத்தின் வழியாகப் போகிறது. 1838இல் அந்த இனத்தாரைப் படை வைத்து மேற்கே விரட்டியபோது, இந்த மலைகளில் தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். பார்க்வே வந்தபோதும் எங்கள் பள்ளத்தாக்கு நிலத்தை எடுக்கவிட மாட்டோம் என்று பல வருடம் நின்று, பாதையை மேட்டுக்கு மாற்றவைத்தார்கள். அதனால்தான் கடைசி மைல்களில் இத்தனை குகைப்பாதைகள்.

ஊருக்குள் போனால் தெருப்பலகைகளில் ஆங்கிலத்தோடு செரோக்கி எழுத்தும் இருக்கும். செக்வோயா என்பவர் 1821இல் உருவாக்கிய எழுத்து. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தன் மொழியின் ஓசைகளைக் காதால் பிரித்துப் பிரித்து எண்பத்தைந்து எழுத்துகள் செய்தார். கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் நம் உயிர்மெய் மாதிரி ஒரு முழு அசை. சில வருடங்களில் அவர் மக்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். சிக்னலில் நிற்கும்போது என் மகள் ஒரு பலகையைக் காட்டி, 'அப்பா, இதை யார் வாசிப்பாங்க?' என்று கேட்டாள். அங்கிருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். தன் பெயரை அந்த எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள், இன்னும் அவள் மேஜையில் இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒகோனலஃப்டி பார்வையாளர் மையத்துக்கு வந்துவிடுங்கள். கடைசி மைல்கல்லிலிருந்து காரில் சில நிமிடம்தான். ஸ்மோக்கி பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்தினால் ஐந்து டாலர் பார்க்கிங் சீட்டு வேண்டும். மையத்தின் பக்கத்துப் புல்வெளிக்கு எல்க் மான்கள் மேய வரும். இந்த மலைகளில் அடியோடு இல்லாமல் போன அவற்றை 2001இல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஐம்பது கஜம் தள்ளியே நில்லுங்கள், செப்டம்பர், அக்டோபரில் ஆண் எல்க் கத்தும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழல் மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் வரும்.